பில்லை இங்க குடுப்பா

கை கழுவப் போகிறேன் என்று அக்கா எழுந்தால், கல்லாப்பெட்டிக்குப் போகிறார் என்று அர்த்தம். நாங்கள் கடைசி வாயை மென்று முடிப்பதற்குள் பணத்தைக் கட்டிவிட்டு, ஈரமே படாத கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வருவார். என் கணவரும் கொழுந்தனும் "என்னக்கா இது?" என்று ஒப்புக்குச் சண்டை போடுவார்கள். ஒருமுறை கொழுந்தன் முந்திக்கொண்டு பணத்தை நீட்டியபோது கல்லாக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம் சார், அக்கா என்னைத் திட்டுவாங்க."

அக்கா என் நாத்தனார். சந்தைக்கு எதிரே மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறார். நூலைப் பல்லில் கடித்தபடியே புருவமும் திருத்துவார், ஊர்க்கதையும் பேசுவார். பேச்சு சூடு பிடித்தால் புருவம் மெலிந்துவிடும். "வளந்துடும்மா, முடிதானே!" என்று சமாதானம் சொல்வார். அந்த நூலில்தான் இரண்டு தம்பிகளும் படித்தார்கள். இன்று இருவரும் கை நிறையச் சம்பாதிக்கிறார்கள், அக்காவுக்கு மட்டும் அது இன்னும் உறைக்கவில்லை. பேருந்தில் ஏறினால் எல்லோருக்கும் அவரே டிக்கெட் எடுப்பார். மாதக் கடைசி ஞாயிறு குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போவது அவர் போட்ட சட்டம்.

என் மகளின் ஆங்கிலப் பாடத்தில் 'ஃபுட் தி பில்' என்று ஒரு தொடர் வந்தது. "காலுக்கும் பில்லுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றாள். பில்லின் அடியில் வரும் மொத்தத்தை ஒருவரே தன் தலையில் போட்டுக்கொள்வது என்று விளக்கினேன். வாக்கியத்தில் அமைக்க அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அத்தையைப் பற்றி எழுதினாள், டீச்சரும் சரி போட்டுவிட்டார்.

போன மாதம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டார்கள். பார்லரைப் பூட்டியாயிற்று. கடைசி ஞாயிறு நெருங்கியும் அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. தலை பின்னிவிடப் போன நான் கேட்டேன்.

"இந்த மாசம் வேணாம்மா. எனக்கு வேலை இருக்கு."

"ஒத்தைக் கையோட என்ன வேலை, அக்கா?"

அக்கா மாவுக்கட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "நான் குடுக்கறேன்னுதானே எல்லாரும் வரீங்க. வெறுங்கையோட கூப்பிட்டா யாரு வருவா?"

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பாதிப் பின்னலோடு விட்டுவிட்டு என் கணவருக்குப் போன் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் போனோம். சாப்பாட்டின் நடுவில் வழக்கம்போல எழுந்தார். எங்கே சேர்த்து வைத்த பணமோ, இடக்கையில் பர்ஸ் இருந்தது. கல்லாக்காரர் தலையைச் சொறிந்தார். "தம்பி வந்தவுடனே குடுத்துட்டாரு அக்கா."

அக்கா திரும்பி வந்து மேசையருகே நின்றார். முகம் சிவந்திருந்தது.

"எவ்ளோடா ஆச்சு?"

"சொல்ல மாட்டேன். உக்காருக்கா. நீ சாப்பிடத்தான் வந்திருக்கே" என்றார் என் கணவர்.

அக்கா உட்கார்ந்தார். பர்ஸை மடியில் போட்டுக்கொண்டார். மெனு அட்டையைத் தன் பக்கம் இழுத்து, விலை போட்டிருந்த ஓரத்தை மாவுக்கட்டுக் கையால் மூடிக்கொண்டு, ஐஸ்கிரீம் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார்.