வாளிக்குள் போன ஹாஃப்-ட்ராக்குகள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் நிற்கும் ஜெர்மன் ஹாஃப்-ட்ராக்குகளை இனம் காண்பது. முன்னால் சில்லு, பின்னால் டாங்கிபோலச் சங்கிலி, அந்த வண்டி. பின்பக்கத் தகடு மடிந்து புடைத்து நின்றால் சி வகை. ஒரே தகடாக நேரே சரிந்தால் டி வகை. இதை அறிந்து கொழும்பு வெள்ளவத்தையில் எவரும் முன்னேறியதாகத் தெரியவில்லை.

அன்று காலை இருபது படங்களை அச்சிட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, சிவப்புப் பேனையால் கதவுகளையும் துவக்குகளையும் வட்டமிட்டுக்கொண்டிருந்தேன். பல்கனியிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

"இஞ்சருங்கோ, ஆமி! கீழ் வீட்டில நிக்கிறாங்கள்."

"சண்டை முடிஞ்சு எத்தனை வருசம்? ஏன் பயப்பிடுறீர்?" என்றேன், சிவப்புப் பேனையைச் சட்டைப் பைக்குள் ஒளித்தபடி.

"மேசையைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ. தமிழன்ர வீட்டில ராணுவ வண்டிப் படம், அதுக்குச் சிவப்பு வட்டம் வேற!"

எண்பது வருடம் பழைய வண்டி என்று விளக்கலாம்தான். ஆனால் என் சிங்களம் மீன் வாங்கவும் ஆட்டோக்காரருக்கு வழி சொல்லவுமே போதும். ஹாஃப்-ட்ராக்குக்குச் சிங்களத்தில் என்ன என்று நான் யோசித்து முடிப்பதற்குள், அவள் படங்களை அள்ளிப் பல்கனியில் பூச்செடிக்கென்று கிடந்த வாளித் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டாள். சண்டை நடந்த நாட்களில் ஆமி சுற்றிவளைத்துத் தேட வந்தால் கடிதங்களுக்கு நாங்கள் செய்த அதே வைத்தியம். மை கரைந்துவிடும்.

கதவைத் தட்டினார்கள், திறந்தேன். ஒரு சிப்பாய், அவருக்கு முன்னால் டோர்ச்சும் கையுமாகச் சுகாதாரப் பரிசோதகர்.

"டெங்கு செக்கிங் ஐயா, ஆமி துணைக்கு வந்திருக்கு. தண்ணி தேங்குற இடம் ஏதும் இருக்கா?"

"இல்லை," என்றோம் இருவரும் ஒன்றாக, தேவைக்கு மேல் உரத்து.

பரிசோதகர் நேரே பல்கனிக்குப் போய் வாளிக்குள் டோர்ச் அடித்தார். சிப்பாய் ஒரு தாளை இரண்டு விரலால் தூக்கினார்.

"மே மொனவாத?" இது என்ன என்று கேட்கிறார்.

"பரண யுத்தயக்," என்றேன். பழைய சண்டை.

"படத்தை விடுங்க," என்றார் பரிசோதகர். "புழுவைப் பாருங்க! ஒரு வாரத் தண்ணி."

எச்சரிக்கைக் கடிதம் எழுதித் தந்துவிட்டுப் போனார்கள்.

"நான் உங்களைக் காப்பாத்தினனான்," என்றாள் மனைவி.

படங்களைக் கொடியில் காயப்போட்டேன். மை கரைந்ததில் ஒன்றிலும் பின்பக்கத் தகடு தெரியவில்லை; இனிச் சியா டியா என்று சொல்ல முடியாது. அடுத்த மாதம் திரும்பி வந்து பார்ப்பார்களாம். வாளியைக் கவிழ்த்துவிட்டோம். அவர்கள் வரும்போது படங்களை எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.