முன்சொல்லின் பாரம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி அவர்களுக்கு,

இந்நாட்டில் நான் முதலில் பொறாமை கொண்டது ஒருவருடைய செல்வத்தின் மீதன்று. அவர் ஒரு சொல்லை உச்சரித்த விதத்தின் மீது. மலாயாவின் கெடா மாநிலத்தில் செமிலிங்கை அடுத்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் கட்டடத்தை ஆங்கிலத்தில் ஸ்மோக்ஹவுஸ் என்பர். அதை மேற்பார்க்க ஒரு கங்காணி வேண்டுமென்று வெள்ளைக்காரத் துரை அறிவித்தார். அங்கே ஆண்டுக்கணக்கில் விறகிட்டு நெருப்பைக் காத்தவன் நான். ஆங்கிலமும் நானாகவே கற்றிருந்தேன். எனக்குப் போட்டியாக வந்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திறங்கிய தம்பையா.

ஸ்மோக் ஓரசை, ஹவுஸ் ஓரசை. நான் இரண்டையும் சமமாக நிறுத்துக் கொடுப்பேன். தம்பையாவோ முன்னதில் குரலை ஊன்றிப் பின்னதை நழுவவிடுவார். அவர் வாயில் இரு சொற்களும் ஒரே பெயராகிவிடும். துரைக்கு என் பேச்சு விளங்காமலில்லை. எனினும் என்னிடம் தலையசைத்துவிட்டு நடந்தார். தம்பையாவிடம் நின்று பேசினார். வேலை அவருக்கே போயிற்று.

"நீங்க இங்கிலீசு பேசுனா கல்லு ஒடைக்கிற மாதிரி இருக்குங்க. அவரு பேசுனா தொரையே பேசுற மாதிரி லா," என்றாள் என் மனைவி.

தம்பையா நல்லவர், அதுவே என்னை மேலும் எரித்தது. ஒருநாள் அருகில் வந்து, "அண்ணை, முதல் சொல்லிலை பாரத்தை வையுங்கோ. மற்றது தானா வரும்," என்றார்.

"எனக்கு அடுப்பு வேல இருக்கு," என்று திரும்பிக்கொண்டேன்.

ஆயினும், அவர் போனபின் கதவைச் சாத்திவிட்டு, தொங்கும் ஷீட்டுகளுக்கு முன்னால் அவர் குரலையே பழகினேன். ஸ்மோக்ஹவுஸ். ஸ்டோர்கீப்பர். அசை மூன்றானாலும் பாரம் தலையில்தான். கண்ணில் நீர் வழிந்தது. புகையினால் மட்டும் என்று சொல்லமாட்டேன்.

பின்னர் தம்பையா அரசாங்க உத்தியோகம் பெற்று அலோர் ஸ்டார் நகருக்குப் போய்விட, கங்காணி வேலை எனக்குக் கிடைத்தது. துரை என்னிடமும் நின்று பேசலானார். அந்தப் பெருமையோடு தமிழ்நாட்டிலுள்ள சொந்த ஊருக்குக் கப்பலேறினேன். அங்கே உறவினர் நடுவே எங்கள் ஊராகிய புளியங்குளத்தின் பெயரைச் சொன்னேன். என் அண்ணன் உரக்கச் சிரித்தார்.

"என்னடா, புளியங் வரைக்கும் சொல்லிட்டு குளத்த முழுங்கிட்ட? மலாயாவுல தண்ணிப் பஞ்சமா?"

பிறகு அவர் அப்பெயரைச் சொன்னார். எந்த அசையையும் அழுத்தாமல், எதையும் சிந்தாமல், நிறைகுடம் போலச் சொன்னார். நான் எத்தனை முறை முயன்றும் எனக்கு அது வரவில்லை. தம்பையாவின் மீது கொண்ட அதே பொறாமை, கடலைத் தாண்டி வந்து, என் உடன்பிறந்தவர் மீது மூண்டது.

இப்போது என்னை மலாயாத்தமிழன் என்கிறார்கள். நானே அச்சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதுண்டு. எந்தப் பாதியில் குரலை ஊன்றினாலும் மற்றப் பாதி தாழ்ந்துபோகிறது.

இதைப் படித்தபின் எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.