கேமராவுக்குத் தெரியாதது

தலை நரைக்கும்வரை நகரப் பேருந்து ஓட்டிய அவர்மீது ஒரு வழக்குகூட இருந்ததில்லை. அன்று நாற்சந்தியில் இடப்பக்கமிருந்து வந்த ஸ்கூட்டர் ஒன்று பேருந்தில் உரசிச் சாய்ந்தது. ஓட்டிவந்த பெண்ணுக்கு முழங்கையில் சிராய்ப்பு. நல்லவேளை, அத்தோடு போயிற்று.

காவல் நிலையத்தில் கேமரா பதிவைப் பார்த்த ஆய்வாளர், "சிவப்பு விளக்கைத் தாண்டினது அந்தப் பொண்ணுதான். உங்க மேல தப்பே இல்லண்ணே, கிளம்புங்க" என்றார்.

ஓட்டுநர் எழுந்திருக்கவில்லை.

"ஸ்கூட்டர் வந்ததே எனக்குத் தெரியல சார். சத்தம் கேட்டுத்தான் பிரேக் போட்டேன். இடது கண்ணு மங்கிப்போச்சு."

"இதை எழுதினா வேலை போயிடும்ணே."

"தெரியும் சார். நாளைக்கு ஒரு குழந்தை குறுக்க வந்தா? எழுதிக்குங்க."

வீடு திரும்பப் பேருந்தில் ஏறி, நடத்துநரிடம் டிக்கெட் கேட்டார்.

"உங்களுக்கு எதுக்குண்ணே டிக்கெட்?"

"இனிமே எடுக்கணும்பா" என்று சில்லறையை நீட்டினார்.