சிறுத்தையும் பின்சக்கரமும்

என் வீட்டுக்காரரைப் பஞ்சர்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அடுத்த தெருவிலேயே கையை விரிப்பார்கள். வனவிலங்குப் பூங்காவின் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கடை, கடைக்குப் பின்னால் வீடு. பூங்காவுக்குள் ஆட்களை ஏற்றிப் போகிற வேன்களுக்கெல்லாம் இவர்தான் டயர் பார்ப்பார். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் சிறுத்தையைப் பார்த்துவிட்டு எங்கள் கடை முன்னால் நின்று வாய் ஓயாமல் பேசுவார்கள். ட்யூப் முக்கும் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கல்யாணமாகி வந்த புதிதிலேயே கேட்டேன், ஒரு தடவை கூட்டிப் போங்களேன் என்று. "அடுத்த தடவை போலாம்" என்றார். மகள் பிறந்தாள், படித்தாள், அவளைக் கட்டியும் கொடுத்தாயிற்று. இவருடைய அடுத்த தடவை மட்டும் வந்தபாடில்லை.

இந்த வருஷம் அவருக்கு முட்டி போய்விட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். மகள் பிடிவாதமாகத் தன் ஊருக்கே வரச் சொன்னாள். கடையைக் கைமாற்றி, சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கினோம். பாதி மூட்டையில் நான் கையை உதறிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"சிறுத்தையப் பாக்காம இந்த வீட்ட விட்டு நகர மாட்டேன். நீங்க வேணா போங்க."

மறுநாள் காலை வேனில் எங்களுக்கு இடம் கிடைத்தது. டிரைவர் எங்கள் கடைக்கே வருகிற பையன். "அண்ணி, முன் சீட்டு உங்களுக்குத்தான். ராணி மாதிரி உக்காருங்க" என்றான். இவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஊரெல்லாம் மரத்தையும் மானையும் பார்க்கிறது, இவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டு வருகிறார்.

ஓடைப் பக்கம் போனதும் டிரைவர் குரலைத் தாழ்த்தினான். "புதுக் கால்தடம். இங்கதான் எங்கயோ இருக்கு. யாரும் மூச்சு விடாதீங்க."

வேன் ஊர்ந்தது. அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். "தம்பி, நிறுத்து. பின்னாடி எடது பக்கம் டக்கு டக்குனு கேக்குது."

"கல்லா இருக்கும்ணே."

"கல்லுச் சத்தம் எனக்குத் தெரியாதா? இது ஆணிடா. காட்டு நடுவுல காத்து போச்சுன்னா என்ன பண்ணுவ?"

பயந்துபோய் அவன் நிறுத்தினான். கீழே இறங்கக் கூடாது என்பது பூங்காச் சட்டம். இவர் இறங்கவில்லை, இடுப்பு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே தொங்கினார். எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம். அப்படியே பின்னால் திரும்பி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? இங்க வந்தும் டயரா? என் தலையெழுத்து!"

வேனில் இருந்தவர்கள் எல்லாரும் ஒன்றாக 'ஹா' என்றார்கள். நான் திரும்பியபோது புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"போயிடுச்சு அண்ணி. உங்க சீட்டுக்கு நேர் முன்னாடிதான் தாண்டிச்சு" என்றான் டிரைவர்.

பின் சீட்டுப் பெண் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். படம் முழுக்கத் திட்டிக்கொண்டிருக்கிற என் முகம். ஓரத்தில் ஒரு வால் நுனி.

வாசலுக்கு வந்ததும் இவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு டயர் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் வரிப் பள்ளத்தில் விரலை விட்டுத் துழாவினார்.

"கல்லுதான்" என்றார்.

நான் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். அவர் எழுந்திருக்க யார் கை கொடுத்தார்களோ தெரியாது. வெகுநேரம் கழித்து நொண்டிக்கொண்டு வந்து, மூட்டைகளுக்கு நடுவே என் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவதற்கு எனக்கு வண்டி வண்டியாக இருந்தது.

"விடு. அடுத்த தடவை..." என்று ஆரம்பித்தார்.

அப்படியே நிறுத்திவிட்டார். மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை அவர் பாதியில் நிறுத்தியது அன்றைக்குத்தான்.

வாசலில் ஒரு வேன் போயிற்று. டக்கு, டக்கு.

"வலது பின்சக்கரம்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.