பக்கத்துக் கட்டிலின் சிரிப்பு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் பெயர் ‘பிரேக் அக்கா’. கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் இவள் கால் இரண்டாவது பிரேக்கின் மேலேயே இருக்கும். கர்ப்பப்பையில் கட்டி வளர்ந்து, மாதாமாதம் ரத்தம் கொட்டித் துவண்டுபோனாள். கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஆபரேஷன்.

பயம் ஒரு பக்கம் இருக்க, ஆஸ்பத்திரியில் வந்து படுத்த நேரத்திலிருந்து அவளைப் பிடுங்கித் தின்றது பக்கத்துக் கட்டில். அங்கே ஒரு டீச்சர். அதே கட்டி, அதே டாக்டர், அதே நாள் ஆபரேஷன். ஆனால் டீச்சரைச் சுற்றி எப்போதும் கூட்டம். கணவர் கால் பிடித்துவிட்டார். தங்கை தலை பின்னிவிட்டாள். டீச்சரோ ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிரேக் அக்காவின் கணவர் நல்ல மனிதர்தான். ஸ்டூலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிந்தார்.

“அந்தம்மாவப் பாரு, எவ்ளோ தைரியமா இருக்காங்க” என்று நடுவில் கண் விழித்து வேறு சொன்னார்.

“அப்ப அங்கயே போய் உக்காருங்க.”

டாக்டர் கர்ப்பப்பையை எடுப்பார்; இந்த வயிற்றெரிச்சலை யார் எடுப்பது?

சாயங்காலம் டாக்டர் வந்தார். டீச்சர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். டாக்டரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பதில் சொன்னார். இவளிடம் வந்து, “எல்லாம் சரிதானே?” என்றதோடு சரி. இவளும் தலையாட்டிவிட்டாள். ஆனால் அவர் வாசலைத் தாண்டுவதற்குள் பொறுக்கவில்லை.

“டாக்டர், எனக்கும் கேக்கணும்.”

அவர் திரும்பி வந்தார்.

“நடுவுல முழிச்சிட்டா?”

“மயக்க மருந்து குடுக்குற டாக்டர் கடைசி வரைக்கும் உங்க தலமாட்டுலயே இருப்பாரு. மூச்சு, நாடி, பிரஷர் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கறதுதான் அவரு வேல.”

அவள் அதோடு விடவில்லை. டீச்சரைவிட ஒரு கேள்வியாவது கூடுதலாகக் கேட்டுவிடும் வீம்பு. தையல் பிரியுமா, எப்போது வண்டி ஓட்டலாம், புருஷன் பெண்டாட்டியாக எப்போது படுக்கலாம் என்று கேட்டுத் தீர்த்தாள். கடைசிக் கேள்விக்குக் கணவர் நிஜமாகவே தூங்குவதுபோல் பாவனை செய்தார். பதில்கள் வர வர, நெஞ்சுப் படபடப்பு அடங்கியது.

காலையில் நர்ஸ் பிரஷர் பார்த்தாள். டீச்சருக்கு எகிறியிருந்தது. மறுபடி பார்த்தும் இறங்கவில்லை, ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். கூட்டம் காபி குடிக்கப் போனதும் டீச்சர் போர்வைக்குள் அழுதாள்.

“உங்களுக்கு இன்னைக்கே முடிஞ்சிரும். பொறாமையா இருக்குங்க. இத்தன பேரு சுத்தி நின்னா, பயமா இருக்குன்னு யார்கிட்ட சொல்றது?”

பிரேக் அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் எட்டிப்பார்த்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்காரர விட்டுட்டுப் போறேன். தூங்கிட்டேதான் இருப்பாரு. நீங்க நிம்மதியா அழலாம்.”

டீச்சர் கண்ணீரோடு சிரித்தாள்.

பிரேக் அக்காவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு நாளில் பிரஷர் இறங்கி, டீச்சருக்கும் முடிந்தது. ஆனால் டீச்சர் மறுநாளே எழுந்து, தங்கையின் தோளைப் பிடித்தபடி வராந்தா முனைவரை நடந்துவிட்டாள். அதுவரை கழிப்பறையைத் தாண்டி ஓர் அடி எடுத்துவைக்காத பிரேக் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கணவரைத் தட்டினாள்.

“எந்திரிங்க. அந்த முனையத் தாண்டி, படிக்கட்டு வரைக்கும் போகணும்.”