அம்மனுக்குக் கட்டிய பொட்டலம்

என் அப்பா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பழுது பீஸ் கப்பலேறியதாகச் சரித்திரம் இல்லை. நெருப்பெரிச்சல் ஊரிலிருக்கும் அந்தக் கம்பெனியில் ஒருநாள் செக்கிங் டேபிள் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். அப்போதுகூட, கீழே விழுந்த பீஸைத்தான் தேடினேன் என்று சாதித்தார்.

டாக்டரிடம் அது எடுபடவில்லை. இதயம் அவ்வப்போது நின்று நின்று துடிக்கிறது, பேஸ்மேக்கர் வைத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் அடுத்த மயக்கத்திலிருந்து எழுந்திருக்காமலே போகலாம் என்றார். மாதிரிக்கு வைத்திருந்த கருவியை அப்பா கையில் கொடுத்தார். தீப்பெட்டி அளவுகூட இல்லை. அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழுது எதுவும் அகப்படவில்லை. உடனே, மாரியம்மனிடம் பூக் கேட்காமல் உடம்புக்குள் எதையும் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்குப் பூக் கேட்கலாம், போர்வெல் போடப் பூக் கேட்கலாம். உயிர் ஊசலாடும்போதுமா? அம்மாதான் என்னை அடக்கினாள்.

பூக் கேட்பது எளிது. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. அம்மன் முன்னால் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. செவ்வாய்க்கிழமை அப்பா விடியும் முன்பே குளித்து, தானே பூப் பறித்து, பனியன் கட்டிங் துண்டில் தானே பொட்டலம் கட்டினார். உதவிக்குப் போன எங்களைக் கிட்டேயே சேர்க்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோயிலில் பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அழவில்லை. தட்டில் கிடந்த மற்ற பொட்டலத்தை எடுத்தாள். அதையெல்லாம் பிரிக்கக் கூடாது என்று அப்பா பதறினார்.

“ஒரு பீஸைப் பாத்துட்டு மொத்த லாட்டையும் முடிவு பண்ணக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க” என்றாள் அம்மா.

அதிலும் செவ்வரளிதான்.

பூசாரி, பாவம், ஏற்கெனவே பளபளத்த மணியைத் துடைக்க ஆரம்பித்தார். சட்டையில் நூல் பிசிறு தெரிந்தாலே ஊரைக் கூட்டுகிற மனிதர், அம்மனுக்கே டூப்ளிகேட் போட்டுவிட்டுத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பயமா இருக்குது புள்ள” என்றார் கடைசியில், அம்மாவிடம். “நெஞ்சுக்குள்ள மிஷினை வெச்சு, அது நின்னு போச்சுன்னா? மெக்கானிக்கா உள்ள போவான்?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கோபம் போன இடம் தெரியவில்லை.

அம்மா கோயிலுக்குப் பின்னால் போய் அவளே பூப் பறித்து, அவளே இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். இந்த முறை அப்பாவையே எடுக்கச் சொன்னாள். வெள்ளை. மிச்சமிருந்த பொட்டலத்தை அம்மா உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டாள். அப்பா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்.

இப்போது நெஞ்சுக்குள் பேஸ்மேக்கரோடு பழையபடி செக்கிங் டேபிளில் நிற்கிறார். பழையபடி எல்லாவற்றையும் உள்ளும் புறமும் திருப்பிப் பார்க்கிறார். அம்மா கையிலிருந்த அந்தப் பொட்டலத்தில் என்ன பூ இருந்தது என்று மட்டும் இன்றுவரை கேட்டதில்லை.