மழை பட்ட வரகும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா அவர்கள் மறைந்து இந்த மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. இம்மாதிரி நினைவு மலர்களில் போனவரைத் தெய்வம் என்றும் தியாகச் சுடர் என்றும் எழுதுவது வழக்கம். நான் அப்படி எழுதப்போவதில்லை. அக்காவுக்கு நம் உறவுக்குள் ஒரு கெட்ட பேர் இருந்தது. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அது தெரியும். சிலர் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள். அந்தப் பேரை அக்காவிடமிருந்து எடுத்துவிட வேண்டும், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். கோபமாக எழுதுகிறாளே என்று தோன்றினால், ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அன்னவாசலுக்கு மேற்கே, ஒரே ஒரு கண்மாயை நம்பிக் கிடக்கும் நம் ஊரில். அக்காவுக்கு ஆறு வருஷம் கழித்து நான். எங்கள் அப்பா மலாயாவில் தோட்ட வேலைக்குப் போய், சண்டை முடிந்த பிறகு சீக்காளியாகத் திரும்பி வந்தார். தம்பி பிறந்த வருஷமே அவர் போய்விட்டார். ஆத்தாவும் நாங்கள் மூன்று பேரும்தான் வீடு. கொஞ்சம் புன்செய், கண்மாய் நிறைந்தால் விளையும் ஒரு துண்டு வயல். அக்கா நாலாம் வகுப்போடு நின்று களை எடுக்கப் போனார். எழுதப் படிக்கத் தெரியும். கணக்குப் போடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

நாற்பத்தெட்டில் நம் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ஆபத்துக்கு என்று ஆத்தா ஒரு கலயம் நிறைய சமஸ்தானத்து அம்மன் காசு சேர்த்து வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் சந்தையில் அதை யாரும் கையால் தொடவில்லை. "இது செல்லாதுங்க, அங்கிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கடைக்காரர் சொன்னபோது நான் ஆத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு மழையும் ஏமாற்ற ஆரம்பித்தது. வீட்டில் எதை வைத்திருந்தால் பிழைக்கலாம் என்ற கேள்வி அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தது. அக்கா சாகும்வரை அது வெளியே போகவில்லை.

இனி வரகைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்ந்த வரகு பத்து வருஷம் கிடந்தாலும் கெடாது என்பது நமக்குத் தெரியும். அறுத்துப் போட்ட கட்டு மழையில் நனைந்து புழுங்கிவிட்டால் அதே வரகு கிறுக்கு ஏறித் தலையைச் சுற்றவைக்கும், வாந்தி எடுக்கவைக்கும், கைகால் உதறும் என்பதும் தெரியும். ஒரு தை மாதம், யாரும் எதிர்பாராத மழை. எங்கள் கட்டு களத்தில் இரண்டு நாள் நனைந்து கிடந்தது.

"கொட்டிருங்க ஆத்தா, எருக்குழியில கொட்டிருங்க" என்றார் அக்கா.

"கொட்டிப்புட்டு நாளைக்கு எதைத் திங்கிறது? மூணு வருஷம் மூடிக் கெடந்தா கிறுக்குத் தெளிஞ்சிரும். எல்லாரும் அப்படித்தானே வச்சிருக்காக" என்றார்கள் ஆத்தா.

எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அதுதான் நம் ஊர் செய்த தப்பு. ஆத்தா அதை ஒரு பானையில் போட்டு, வாயைக் களிமண்ணால் பூசி, பரணில் ஏற்றினார்கள். யாரும் தொடக்கூடாது என்று எங்களிடம் சொன்னார்கள்.

அடுத்த வருஷமே கண்மாய் வெடித்துப் பாளமாகக் கிடந்தது. ரேஷன் அரிசிக்கு விடியற்காலையில் நடந்து அன்னவாசல் போய் வரிசையில் நிற்க வேண்டும். போகிறவர் அக்கா. அன்றைக்கும் போயிருந்தார். ஆத்தா காய்ச்சலில் நினைவில்லாமல் படுத்திருந்தார்கள். முந்தின நாளிலிருந்து வீட்டில் ஒன்றுமில்லை. நாலு வயதுத் தம்பி அழுது அழுது, பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டான். அவன் அழாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. பரணில் ஏறி அந்தப் பானையை இறக்கியது நான்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அது எந்தப் பானை என்று எனக்குத் தெரியும். ஏழு தண்ணீரில் கழுவி, கொதிக்கவைத்து வடித்துவிட்டால் கிறுக்குப் போய்விடும் என்று களத்தில் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தேன். குத்தினேன், புடைத்தேன். எண்ணி ஏழு தடவை கழுவினேன். இருந்த கொஞ்சத் தண்ணீரை அதற்கே செலவழித்தேன். கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, தம்பிக்கு ஊற்றினேன். இன்னும் வேணும் என்றான். ஊற்றினேன். நான் இரண்டு வாய் குடிப்பதற்குள் அவன் கண் சொருகிவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா அரிசியோடு வந்தார். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தம்பியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் தம்பி போய்விட்டான். கூடியிருந்த பெண்களில் ஒருவர், "என்னத்தடி குடுத்தீக புள்ளைக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா சொல்லிவிட்டார்: "நான்தான் காலையில போகையில மழை பட்ட வரகக் காய்ச்சி வச்சுட்டுப் போனேன்."

அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் எல்லாரும் பதினேழு வருஷம் நம்பினீர்கள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கீரமங்கலம் பக்கம் பேசி வைத்திருந்த சம்பந்தம் போயிற்று. தம்பியைக் கொன்ற கை என்று சொன்னார்கள். விசேஷ வீடுகளில் அக்காவை இலை போடச் சொல்வார்கள், அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள். எல்லாவற்றிலும் கொடுமை ஆத்தா. அதற்குப் பின் மூன்று வருஷம் உயிரோடு இருந்தார்கள். அக்கா கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கவில்லை. தண்ணீரை அக்கா மொண்டு என்னிடம் கொடுப்பார், நான் கொண்டுபோய் ஆத்தாவிடம் கொடுப்பேன். என் கையிலிருந்து ஆத்தா வாங்கிக் குடித்தார்கள். உண்மை தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார்கள். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் பயம், பிறகு பழகிவிட்டது. இதைவிட நாகரிகமான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

அக்கா வீட்டைக் கட்டிக் காத்த விதத்தைப் பற்றி நம் சித்தப்பா ஒருவர், "பஞ்சத்துக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறா" என்று கேலி பேசுவார். அழைக்கத் தேவையே இல்லை, அது தானாக வரும் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் எந்தப் பானைக்கும் ஒரு ஓலை நறுக்குக் கட்டியிருக்கும். என்ன தானியம், எந்த வருஷத்தது, அறுப்பில் மழை பட்டதா இல்லையா என்று அக்கா கையால் எழுதியது. சந்தேகமான தானியம் ஒரு மணிகூட வீட்டுக்குள் வராது. கொள்ளும் துவரையும் செம்மண் பூசிக் காயவைத்தது. உப்பு, புளி, காய்ந்த பனங்கிழங்கு, இரண்டு மழைக்காலத்துக்குப் போதுமான விறகு. கிணற்றுக் கயிறு ஒன்று உபயோகத்தில், ஒன்று புதிதாக ஆணியில். ரேஷன் கார்டும் பட்டாவும் என் சர்டிபிகேட்டும் ஒரே தகரப் பெட்டியில், எழுந்து ஓட வேண்டியிருந்தால் கையில் எடுக்கிற மாதிரி. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே கூரைமேல் கயிறு போட்டு இரண்டு பக்கமும் கல் கட்டித் தொங்கவிடுவார். பெரும்புயல் அடித்த வருஷம் தெருவில் பாதிக் கூரை பறந்தது. எங்கள் கூரை நின்றது. அன்றைக்கு அதற்குக் கீழே வந்து ஒண்டியவர்களில் சித்தப்பாவும் உண்டு. அக்கா அவருக்கு ஒரு வேட்டி கொடுத்து, "ஈரத்தோட உக்காராதீக" என்றதோடு சரி.

இவ்வளவுக்கும் மேலே ஒரு வழக்கம். எந்தப் பானையின் மண்பூச்சை உடைத்தாலும் அக்கா முதலில் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகக் காய்ச்சித் தாம் மட்டும் குடிப்பார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். உச்சிவெயில் தாண்டும்வரை நான் அதைத் தொடக்கூடாது. பசியில் நான் கத்தியிருக்கிறேன். "கத்து. கத்துனா உசுரு போகாது" என்பார்.

எனக்கு டிரெயினிங் முடிந்து பள்ளிக்கூட வேலை கிடைத்த அன்று, எல்லாரிடமும் சொல்லிவிடப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். மாவு சலித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"சொன்னா எனக்கு இனிமே கல்யாணம் ஆயிருமா?"

"ஒங்க பேரு..."

"எம் பேரு போயி எம்புட்டோ நாளாச்சு. ஒம் பேரும் போகணுமா? டீச்சரு கையில புள்ளைகள யாரு விடுவா? கம்முனு இரு. நான் இருக்கமட்டும் இதப் பேசாத."

நான் இருக்கமட்டும் என்றார். அதனால்தான் இப்போது பேசுகிறேன்.

சென்ற வருஷத்துப் பஞ்சத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரிசிக்கு நாயாய் அலைந்தோம். ஊரில் எல்லாரும் பரணிலிருந்து பழைய வரகுப் பானைகளை இறக்கினார்கள். நனைந்ததா, நனையாததா என்று எவருக்கும் நினைவில்லை. அப்போது யாரிடம் வந்தீர்கள்? அடுப்புப் பக்கம் விடாத அக்காவிடம்தான் முறத்தோடு வந்து நின்றீர்கள். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "மழை பட்டுச்சா?" பட்டது என்றால் கொட்டச் சொல்லி, எங்கள் பானையிலிருந்து இரண்டு படி கொடுப்பார். படவில்லை என்றால் ஒரு கைப்பிடி காய்ச்சிக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். எங்கள் பானைகள் குறையக் குறைய அவர் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இறங்கிவிட்டார். என்னிடம் இரண்டு வேளை என்று பொய் சொன்னார்.

ஒரு வீட்டார் படவில்லை என்றார்கள். பட்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து நான் ஓடியபோது அக்காவுக்குக் கை உதறிக்கொண்டிருந்தது. வாயைத் துடைத்துவிட்டு முதலில் சொன்னது, "அவுக வீட்டுக்கு ஆள் அனுப்பு. அடுப்ப அணைக்கச் சொல்லு. புள்ளைக குடிச்சிரப்போகுது." அனுப்பினேன். அந்த வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்ததாம். யாரும் குடிக்கவில்லை.

கம்பவுண்டர் ஊசி போட்டார். உடம்பில் தெம்பு இருந்தால் தேறிவிடுவார்கள் என்றார். தெம்புக்கு எங்கே போவது? ஒன்பது நாள் கிடந்தார். இடையில் ஒரு நாள் தெளிவாக இருந்தார். நான் அந்த வீட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தேன், வாயில் வந்தபடி திட்டினேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "அவுக வீட்டுலயும் வாக்கப்பட வேண்டிய புள்ளைக இருக்கு. பேரச் சொல்லிராத." முப்பத்து மூன்று வயதில் எங்கள் அக்கா போய்விட்டார்.

அந்தப் பேரை நான் சொல்லமாட்டேன். என் பேரைச் சொல்லிவிட்டேன். தம்பிக்கு அந்தக் கஞ்சியை ஊற்றியவள் நான். அக்கா அன்று காலையில் அடுப்பே பற்றவைக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் போன வாரம்தான் சொன்னேன். காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, "எழுது" என்றார்.

அக்காவின் கடைசி நாட்களில் மூன்று மைல் நடந்து வந்து பார்த்த கம்பவுண்டர் அவர்களுக்கும், முறை வைத்துக்கொண்டு அக்காவைத் துடைத்துப் படுக்கவைத்த தெருப் பெண்களுக்கும், பாடை கட்டித் தோள் கொடுத்தவர்களுக்கும், இந்த மலரைக் கடனுக்கு அச்சிட்டுக் கொடுத்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அந்த வீட்டாரும் இவர்களுக்குள்ளே இருக்கிறார்கள். அவர்களுக்கும் நன்றி.

இந்த மலரை வருஷத் திவசப் பந்திக்கு முன்னால் உங்கள் கையில் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன், பின்னால் அல்ல. இன்றைய சமையலுக்கு ஆள் வைக்கவில்லை. சோறு வடித்ததும் குழம்பு கூட்டியதும் நான் ஒருத்திதான். என் கையால் சாப்பிட மனமிருப்பவர்கள் வந்து இலையில் உட்காருங்கள்.